உழைச்செல்வார் தொண்டு

திருச்சிற்றம்பலம்

(பாகூர்ப் பக்கத்துச் சிற்றூரொன்றில் அடியார் கூட்டத்தின்கண் நாம் நிகழ்த்திய விரிவுரையின் சுருக்கம்)



திருவள்ளுவனார் மருந்தென்னும் அதிகாரத்தின் இறுதிக்கண் மருத்துவத்தை நாற்கூறாகப் பகுத்து, நோயுற்றான் ஒருவன், அந்நோயைத் தீர்ப்பான் ஒருவன், தீர்த்தற்குக் கருவியாகிய மருந்து, அம்மருந்தை அருகிருந்து இயற்றுவான் ஒருவன் என நிறுத்தினர். இந்நான்காம் உறுப்பினனுக்கு உழைச்செல்வான் என்பது பெயர். உழை என்பது பக்கம். பக்கத்தில் நின்று ஒழுகுவோன் என்பது சொற்பொருள். பரிமேலழகர் இந்நான்கனுள் ஒவ்வொன்றற்கும் நந்நான்கு இயல்பு கூறிச் செல்கின்றனர். உழைச்செல்வானுக்கு அவர் வேண்டுவன, நோயாளிமாட்டு அன்புடைமை, மனமொழிமெய்களின் தூய்மை, சொல்லியதைச் சொல்லியவாறே செய்து முடிக்கும் வன்மை, அறிவுடைமை என்பனவாம். அவனுக்குச் செல்வம் வேண்டுமென்றேனும், ஆண்மகனாதல் பெண்மகளாதல் வேண்டுமென்றேனும் அவர் கூறிற்றிலர். இதனை நினைவில் வைத்துக்கொள்க, பின்னர்ப் பயன்படும்.

பத்து நாளிற் போகும் சுரத்திற்கு உழைச்செல்வான் பத்து நாள் வேண்டப்படுவன். முப்பது ஆண்டு உடனிருக்கும் நோய்க்கோவெனின், அவன் முப்பது ஆண்டும் வேண்டப்படுவன். அத்துணைக் காலம் பக்கத்தில் நிற்போர் யாவர்? மக்கள் தொழில்தேடிச் சென்னைக்கும் அயல்நாட்டிற்கும் போய்விடுகின்றனர். கணவற்கு மனைவியும் மனைவிக்குக் கணவனுமே எஞ்சுகின்றனர். ஆகலின் நீரிழிவு நோய் முற்றியவிடத்து வாழ்க்கைத் துணைவர் செய்யுந்தொண்டு யாது, அது சித்தாந்த சைவ நெறிக்கண் எவ்விடத்து வைத்து எண்ணற்பாலது என்பதே இன்றைய பொருளாகும்.

தத்துவ ஆராய்ச்சிக்குரிய இடத்தில் நோயைப்பற்றிய பேச்சு எற்றுக்கு எனின், கூறுதும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு 31 மாநிலங்களிலும் ஆட்சிப் பகுதிகளிலும் 1,13,000-க்கு மேற்பட்டோரை ஆராய்ந்து 2023-ஆம் ஆண்டில் வெளியிடப்பெற்ற கணக்கின்படி, இந்நாட்டில் இருபது வயதிற்கு மேற்பட்டோருள் நூற்றுக்கு 11.4 பேர் நீரிழிவுடையர். கோவாவில் 26.4, அதற்கு அடுத்தபடியாக நம் புதுவையில் 26.3. எனவே, புதுவையில் நால்வர் கூடியிருப்பின் அவருள் ஒருவர் இந்நோயுடையர் என்பது ஒருவாறு பொருந்தும். வில்லியனூர்த் திருக்காமீசுவரர் சந்நிதியிலும், பாகூர் மூலநாதர் சந்நிதியிலும் பிரதோட நாளில் நம்மோடு நின்று கைகூப்புவோருள் எத்துணைப் பேர் வீட்டில் ஊசிக்குழலும் புண்கட்டுத் துணியும் வைத்திருக்கின்றனர் என்பதை எண்ணுமின். பாகூர் நெடுங்காலம் கல்விக்கு உறைவிடமாய் இருந்த ஊர். நிருபதுங்கவர்ம பல்லவன் காலத்துச் செப்பேடு, இங்கிருந்த வித்தியாத்தானத்திற்கு மூன்று ஊர்கள் வழங்கப்பட்ட செய்தியைக் கூறுகின்றது. அத்தகைய ஊரில் இப்பொருளைத் தருக்க முறையான் ஆராய்தல் தகாததன்று.

நோயின் இயல்பைச் சிறிது கூறிச் செல்வாம். சரகர், சுசுருதர் முதலியோர் இதனை மதுமேகம் என்று அறிந்திருந்தனர். சிறுநீரை எறும்பு மொய்த்தலை அடையாளமாகவும் கண்டனர். அறிந்திருந்தும், இளமையில் இந்நோய் கடுமையாய் வந்தோரை அவர்களாற் காத்தல் இயலாதாயிற்று. 1921-இல் கனடா நாட்டு டொராண்டோ நகரில் பாண்டிங், பெஸ்ட் என்னும் இருவர் இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். 1922 சனவரித் திங்களில் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அது முதன்முதல் செலுத்தப்பட்டது. அன்று தொட்டு நோயாளர் நீண்டு வாழ்கின்றனர். நீண்டு வாழ்தலின், முன்னோர் அத்துணையாகக் காணாத பின்விளைவுகளை நாம் காண்கின்றோம்: கண்ணின் திரைக்கண் நுண்குழாய்கள் கசிந்து பார்வை மழுங்குகின்றது, சிறுநீரகம் தன் தொழில் குன்றுகின்றது, காலில் உணர்ச்சி நரம்புகள் அவிந்து, முள் தைத்ததும் தீச் சுட்டதும் தோன்றாதொழிகின்றன, குருதியோட்டம் குறைதலாற் புண் ஆறாது நிற்கின்றது. மார்படைப்புங்கூட வலியின்றியே வருதல் உண்டு.

இனி, முதலாவது தடை. "இஃது அவரவர் வினை, நுகர்ந்தே தீரவேண்டும், நாம் செய்வது என்?" என்று கூறுவார் பலர். சைவர் வாயினின்றே இச்சொல் வருகின்றது. ஆகலின் இதனை நன்கு சோதித்தல் வேண்டும்.

வினை மூவகைப்படும்: சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம். நோய் நுகர்வினையாகிய பிராரத்தத்தின் பயன் என்பதில் நமக்கு மாறுபாடு இல்லை. ஆயின் அப்பயனை ஊட்டுவோன் இறைவன். ஊட்டுங்காலத்து அவன் நோயை மட்டுமா கூட்டுகின்றான்? நோயைக் கூட்டியவனே மருந்தையும், மருத்துவனையும், பக்கத்தில் நிற்கும் துணையையும் கூட்டுகின்றான். பசி பிராரத்தம் என்று கூறி உண்ணாதிருப்பார் யாரையும் நாம் கண்டிலம். பசிக்குச் சோறு தேடுகின்றவர், மனைவியின் புண்ணுக்கு மருந்து தேடுமிடத்து மட்டும் வேதாந்தியாவது விந்தையே. அன்றியும், ஒருவருடைய பிராரத்தம் எத்துணைத்து, எங்கு முடியும் என்பதைப் பிறர் ஒருவர் அறியமாட்டார். "இவளுக்கு இவ்வளவே விதி" என்று முடிவு கூறுவோன் இறைவன் கணக்கைத் தான் பார்த்தவன்போற் பேசுகின்றான்.

இதனினும் முதன்மையானது ஒன்று உண்டு. நோயாளிக்கு நோய் பிராரத்தம். பக்கத்தில் நிற்பவனுக்கோ, அவன் இன்று செய்வதும் செய்யாது விடுவதும் ஆகாமியம். செய்யத்தக்கதைச் செய்யாமல் வினைமேல் ஏற்றிச் சொல்லுவோன், பிறர் பழவினையைச் சுட்டிக்காட்டித் தனக்குப் புதுவினை ஈட்டிக்கொள்கின்றான். இருவினையொப்பு என்று நம் நூல்கள் கூறுவது தன்னுடைய இன்பதுன்பங்களில் விருப்பு வெறுப்பு அறுதலே. பிறர் துன்பத்தைக் கண்டு அசையாதிருத்தலை அச்சொல்லால் மறைத்தல் நூலுக்குச் செய்யும் குற்றமாகும்.

இதற்குப் பிரமாணம் யாதெனின், கொடிமாடச்செங்குன்றூர் என்னும் திருச்செங்கோட்டில் நிகழ்ந்ததே சாலும். திருஞானசம்பந்தப் பிள்ளையார் ஆண்டு எழுந்தருளியிருந்த காலத்து, உடன்வந்த அடியார்களை நளிர்சுரம் பற்றியது. அஃது அந்நாட்டின் இயல்பு என்று அவர்கள் கூறினர். பிள்ளையார் கைகட்டி இருந்தாரல்லர். திருநீலகண்டத்தின்மேல் ஆணைவைத்துப் பதிகம் பாடி நோயை அகற்றினார். வினையென்பதை அறிந்துவைத்தும் உய்தற்குரிய வழியை நாடாதிருத்தல் குறைபாடு என்பதே அப்பதிகத் தொடக்கத்தின் கருத்தாகும். வினைக் கொள்கையைச் செயலின்மைக்குத் துணையாகக் கொள்வோர் இப்பதிகத்தைப் பாராயணம் செய்யாதவர் என்றே நாம் எண்ணுகின்றோம்.

துணைவர் நோய்க்கண் ஒருவர் யாது செய்யற்பாலர் என்பதற்குப் பாண்டிமாதேவியாராகிய மங்கையர்க்கரசியாரினும் சிறந்த காட்டு இல்லை. பாண்டியன் வெப்புநோயால் வாடியபோது அவர் அழுதுகொண்டு மட்டும் இருந்தாரல்லர். அரசன் சமயமும் தம் சமயமும் வேறாயிருந்தும் அவனை விட்டு நீங்கினாரல்லர். சூழ்நின்றோர் மருந்து பயன்படாமை கண்டு, பயன்படுவதை அறிந்து, அமைச்சர் குலச்சிறையாரொடு சூழ்ந்து, பிள்ளையாரை அழைப்பித்தற்கு அரசனையே இசைவித்தார். பரிமேலழகர் கூறிய அன்பும் அறிவும் சேர நின்ற உழைச்செல்வார் அவர். இங்கு ஓர் இடைப்பிறவரல்: அன்பு மட்டும் உடையார் நோயாளிக்கு லட்டு கொடுத்துவிடுகின்றனர், அறிவு மட்டும் உடையார் அவரை வைதுகொண்டே இருக்கின்றனர்.

நம் ஊர்ப்புறங்களில் கணவன் நோயுற்றால் மனைவி தொண்டு செய்தல் இயல்பென்று கருதப்படுகின்றது; ஒருவரும் வியப்பதில்லை. மனைவி நோயுற்றாலோ, மகளை வரவழைக்கின்றனர், மருமகளை ஏவுகின்றனர், இருவரும் இல்லையாயின் அவளே தன்னைப் பார்த்துக்கொள்கின்றாள். வீட்டார் எல்லாரும் உண்டபின் எஞ்சியதை எஞ்சிய நேரத்தில் உண்பது நம் மகளிர் வழக்கம். ஊசி போட்டுக்கொண்டவள் உணவு பிந்தினால் என்னாகும் என்பதை ஒருவரும் எண்ணுவதில்லை. பாகூர் ஏரிப் பாசனத்தில் நடவு நடும் மகளிர் நாள்முழுதும் சேற்றில் வெறுங்காலோடு நிற்பவர். அவர்தம் காலை அந்தியில் யார் பார்க்கின்றனர்?

எம் இல்லக்கிழத்தியார் இருபத்திரண்டு ஆண்டாக இந்நோயுடையர். ஆறு ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு மார்கழி வைகறையில் அவர் வாயிலிற் கோலமிட்டு உள்ளே வந்தார். பின்னர் நாம் வெளியிற் சென்றபோது, வெண்கோலத்தின்மேலும் திண்ணைப் படியின்மேலும் செந்நிறச் சுவடு காணப்பட்டது. செம்மண் பூச்சோ என்று குனிந்து நோக்கினோம், குருதி. உள்ளங்காலிற் கருவேலமுள் ஒன்று முறிந்து உள்ளே கிடந்தது. எத்துணை நாளாகக் கிடந்தது என்பது அவருக்கே தெரியாது. வலி என்பது சிறிதும் இல்லை. அவ்வூரில் கை பார்ப்பவர் ஒருவர் சுடுபற்று வைத்துக் கட்டினார், சூடு மிகுந்ததும் உணர்ச்சியில்லாக் காலுக்குத் தெரியவில்லை, தோல் கொப்பளித்தது. பின்னர்ப் பெருமருத்துவமனையில் இரண்டு விரல்கள் அகற்றப்பட்டன. அன்று தொட்டு நாள்தோறும் அவர் காலைக் கழுவித் துடைத்துப் பார்த்தல் நம் பணியாயிற்று.

முதல் நாள் அவர் காலை உள்ளிழுத்துக்கொண்டார். "என் காலை நீங்கள் தொடலாமா? எனக்குப் பாவம் வந்து சேராதா?" என்றார். பக்கத்து வீட்டு முதியோர் சிலரும் அதனையே கூறினர். கூறும்போது சிறிது நகைத்தனர். இஃது இரண்டாவது தடை. முன்னையதினும் இது வலியுடைத்து. எற்றாலெனின், முன்னையது கல்லாதார் கூற்று, இது கற்றாருள்ளும் உளதாகலின்.

பெரியபுராணத்தின்கண் கணவன் மனைவியின் அடியில் வீழ்ந்த வரலாறு உண்டா இல்லையா என்று அவர்களை வினவினோம். காரைக்காலம்மையாரின் கணவனாகிய பரமதத்தன், தன் இரண்டாம் மனைவியோடும் மகவோடும் அம்மையார் அடியில் வீழ்ந்து வணங்கினனன்றோ? சுற்றத்தார் அது தகுமோ என்றபோது, இவர் மானுடர் அல்லர் என்று விடையிறுத்தான். ஆயினும் அவன் அச்சத்தால் வணங்கினான். வணங்கியதோடு விலகியும் போனான். விலகாமல் உடனிருந்து அடி தொடுவோன் பரமதத்தனிற் குறைந்தவனாதல் யாங்ஙனம்?

இன்னும் ஒன்று. பெண்ணாகடத்துக் கலிக்கம்ப நாயனார் அடியார் திருவடி விளக்கி அமுதூட்டும் தொண்டினர். ஒருநாள், முன்பு தமக்கு ஏவல் செய்து அகன்ற ஒருவர் சிவவேடம் பூண்டு வந்தனர். நீர்வார்க்க வேண்டிய மனைவியார், இவர் நம் பணியாளராய் இருந்தவரன்றோ என்று நினைந்து சிறிது தாழ்த்தனர். நாயனார் கரகத்தை வாங்கிக்கொண்டு அவர் கையைத் தடிந்து, தாமே நீர்வார்த்து அத்தொண்டை முடித்தனர். கையைத் தடிந்த செயல் வன்றொண்டின்பாற்பட்டது. அது நாம் பின்பற்றுதற்கன்று. அதன் கருத்தே கொள்ளற்பாலது. திருநீறு பூசிய ஒருவரை அவர் முன்னிருந்த நிலை நோக்கித் தாழ்வாக எண்ணுதல் அபராதம் என்பது அக்கருத்து. எனின், நாற்பது ஆண்டாக நமக்குச் சோறு சமைத்தவள், நம் ஏவல் கேட்டவள் என்னும் அந்நிலையையே நோக்கி, சிவதீக்கை பெற்று நாள்தோறும் நீறணிந்து ஐந்தெழுத்தோதும் ஒருத்தியின் காலைத் தொடக் கூசுவோன், அவ்வம்மையார் செய்த அபராதத்தையே செய்கின்றான். குருபூசை நாளில் முன்பின் அறியாதார் பாதத்தைப் பலர் காண விளக்குகின்றோம். வீட்டில் ஒருவரும் காணாதவிடத்து விளக்க வெட்குகின்றோம். ஆண் பெண் என்பது மாயேயமாகிய உடம்பின் பாகுபாடு. உயிர்க்கு அஃது இல்லை என்று பாடஞ்சொல்லுகின்ற நமக்கு இது விளங்காதா?

விரல் அகற்றப்படுதற்கு முன்னாள் எம் இல்லாள் வினவிய வினா ஒன்றுண்டு. மருத்துவரிடம் அவர் அதனைக் கேட்டிலர். "அங்கக்குறை உள்ளவர் சிவபூசை செய்யலாமா?" என்பது அது. உயிர்போகும் அச்சத்தினும் பூசை போய்விடுமோ என்னும் அச்சமே அவர்க்குப் பெரிதாயிருந்தது. அதனால் அறுவைக்கு உடன்படாது இருநாள் கழித்தார். அவ்விரு நாளில் நஞ்சு கணுக்கால் நோக்கி ஏறிற்று. இவ்வையத்தால் மருத்துவத்தை மறுப்போர் பிறரும் உளராகலின் இதனை வெளிப்படக் கூறுகின்றோம். ஆகமங்கள் உறுப்புக் குறையின்மையை வேண்டியது பரார்த்த பூசைக்குரிய ஆசாரியர்க்கு. தன்பொருட்டுச் செய்யும் ஆன்மார்த்த பூசையினரை அது கட்டுப்படுத்தாது. தண்டியடிகள் பிறவியிற் கண்ணிலாதவர். திருவாரூர்க் குளத்தை முளைநட்டுக் கயிறு கட்டித் தடவித் தடவிக் கல்லித் தூர்வை எடுத்தார். திருநாவுக்கரசு சுவாமிகள் கயிலைக்குச் செல்லும் நெறியில் தாள் தேய்ந்தபின் கையாலும், கை தேய்ந்தபின் மார்பாலும், அதன்பின் உடலைப் புரட்டியும் சென்றனர். நம் புதுவை ஆட்சிப் பகுதியைச் சேர்ந்த காரைக்காலில் தோன்றிய அம்மையாரோ, கால் இருந்தும் அதனைக் கயிலையில் வைக்க அஞ்சித் தலையால் நடந்தனர். காலின்றிச் சென்று சேர்தற்கு இவ்வழி முன்னரே போடப்பட்டிருக்கின்றது. இவ்வாறு கூறக்கேட்ட பின்னரே அவர் கைந்நாட்டு இட்டனர். மடங்களிலிருந்து இத்தகைய ஐயங்களுக்குத் தெளிவான விடை எழுத்தில் வெளிவருமாயின் பல கால்கள் காக்கப்படும்.

இனி, தொண்டு செய்யும் முறை. சொல்லியதைச் சொல்லியவாறே செய்யும் வன்மை என்றதன் பொருள் ஈண்டே விளங்கும். நீர் வெதுவெதுப்பாக இருத்தல் வேண்டும். அதனைச் சோதிப்பது உழைச்செல்வான் முழங்கை, நோயாளியின் கால் அன்று. கழுவியபின் விரலிடுக்கில் ஈரம் நில்லாமல் மெல்லிய துணியால் ஒற்றுக. உள்ளங்காலும் குதிகாலும் வெடியாதிருத்தற்குத் தேங்காயெண்ணெய் தடவலாம், விரலிடுக்கில் தடவலாகாது. பின்னர் விளக்கொளியில் உள்ளங்காலை முழுதும் பார்க்க: நிறம் மாறிய இடம், கொப்புளம், பிளவு, ஒரு பக்கம் மட்டும் வெம்மை. ஆணிக்காலைச் சவரக்கத்தியால் செதுக்கற்க. வெந்நீர்ப்பை, செங்கல் ஒத்தடம் என்பன கூடவே கூடா. வீட்டினுள்ளும் மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்பு அணிதல் நன்று. அணியுமுன் செருப்பைக் கவிழ்த்துத் தட்டிப் பார்க்க; ஒரு சிறு கல் உள்ளே கிடந்தாலும் அவர்க்குத் தெரியாது. சிறு புண் கண்டாலும் அன்றே மருத்துவரிடம் செல்க. இவ்வளவும் கால் நாழிகைப் பணி.

இன்சுலின் புட்டிக்கும் ஊசிக்குழலுக்கும் அளவெண் ஒத்திருத்தல் வேண்டும். புட்டியில் 40 என்றிருப்பின் குழலும் 40-க்குரியதே ஆதல் வேண்டும். 100-க்குரிய குழலை மாற்றி எடுத்தால் அளவு பெரிதும் பிழைபடும். குளிர்ப்பெட்டி இல்லாத வீட்டில் நீர் நிரம்பிய மட்பானையினுள் சிறு கலத்திலிட்டுப் புட்டியை வைத்துக் காக்கலாம். உணவு பிந்தியோ மருந்து மிகுந்தோ சர்க்கரை தாழ்ந்துவிட்டால் வியர்வை, நடுக்கம், கடும்பசி, தடுமாற்றம் தோன்றும். சிலர் காரணமின்றி வெகுண்டு பேசுவர். அவ்வெகுளி அவர் குணம் அன்று. மூளைக்கு உணவு போதாமை. அப்பொழுது வழக்காடற்க, மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரிற் கரைத்துக் கொடுத்து, கால்மணி நேரம் பொறுத்து மீண்டும் பார்க்க. உணர்விழந்தார்க்கு வாயில் ஒன்றும் ஊற்றலாகாது. உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்க.

மனமொழிமெய்த் தூய்மை என்று பரிமேலழகர் கூறியதன்கண் நாம் நெடிது நிற்க விரும்புகின்றோம். மெய்த்தூய்மை எளிது, கை கழுவினால் வரும். மொழித்தூய்மை அரிது. ஆணவம் செல்லும் வழி பல. தொண்டின் வழியாகச் செல்லுதல் அவற்றுள் மிக நுட்பமானது. "நான் இல்லையானால் இவள் எப்பொழுதோ போயிருப்பாள்" என்று வந்தவரிடமெல்லாம் கூறுதல், அவள் உண்ணும் ஒவ்வொரு கவளத்தையும் காவலாளன்போல் எண்ணுதல், விருந்தினர் முன்னிலையில் தட்டிலிருந்து பண்டத்தை எடுத்துவிடுதல், இவையெல்லாம் அன்பின் உருவில் வந்த ஆணவச் செயல்களே. இதன் விளைவு யாதெனின், நோயாளி மறைக்கத் தொடங்குகின்றார். மறைத்து உண்கின்றார், அதனினும் தீதாகப் புண்ணை மறைக்கின்றார், பார்வை மங்கியதை மறைக்கின்றார். தில்லைத் திருநீலகண்டக் குயவனாரும் மனைவியாரும் தம்முள் நிகழ்ந்ததை அயலறியாது காத்து மூப்பெய்தினர். இறைவன் சிவயோகியாய் வந்து வழக்கிட்டு, குளக்கரையில் மூங்கிற்றண்டின் இருதலையையும் இருவரும் பற்றி நிற்ப, அவர் வாயாலே மறையை வெளிப்படுத்தியபின்னரே மூழ்கி இளமை பெற்றனர். அவர் மறைத்தது ஓர் ஆணையின் பொருட்டு. நம் வீடுகளில் மறைப்பது வசைக்கு அஞ்சி. வசையில்லாத வீட்டில் புண் முதல்நாளே காட்டப்படும். நோயாளியின் உடம்பு உழைச்செல்வானுடைய உடைமை அன்று; உடையான் வேறு ஒருவன் உளன். நாம் அவன் கொடுத்த பணியைப் பார்ப்பவர்.

சிறுநீரகம் குன்றியவர் நிலை இதனினும் கடிது. குருதியைப் பொறியாற் சுத்தஞ்செய்யும் டயாலிசிசு என்பதற்கு வாரத்திற்கு இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் ஆகின்றது. பாகூர்ப் பக்கத்தில் உழவர் ஒருவர்க்கு இந்நிலை. அவர் மனைவியார் வைகறையிற் சோறு சமைத்து மாட்டுக்கு வைக்கோலிட்டுக் கணவரொடு பேருந்தேறிப் போய், மாலையில் அவர் சோர்ந்த உடம்பைத் தோளிற் சாத்திக்கொண்டு மீள்கின்றார். எழுத்தறியாதவர், ஆயினும், குழாய் பொருத்தும் அக்கையில் சுமை தூக்கலாகாது, குருதியழுத்தம் அக்கையிற் பார்க்கலாகாது என்பதை எதிர்ப்படுவோர்க்கெல்லாம் எடுத்துரைப்பார். நோய் பார்க்க வருவோர் இளநீர் கொண்டுவருவர். சிறுநீரகம் குன்றியவர்க்கு அதிலுள்ள பொட்டாசியம் குருதியில் தேங்கி இதயத்தைத் தாக்கும் என்பதை அறியார். அவ்வம்மையார் அதனை முகமலர்ந்து வாங்கி, வந்தவர்க்கே வெட்டிக் கொடுத்துவிடுவார். அறிவுடைமை என்று உரையாசிரியர் குறித்தது இதுவேயாதல் வேண்டும்.

ஆண்டுக்கு ஒருமுறை கண்ணின் பாவையை விரித்துத் திரையைச் சோதித்தல் வேண்டும். பார்வை நன்றாயிருக்கின்றதே என்று வாளாவிருத்தல் கூடாது, கேடு முற்றும்வரை தோன்றாதாகலின். தவளக்குப்பத்து அரவிந்த் கண் மருத்துவமனை பாகூராருக்கு அணித்து. 1823-இல் பிரெஞ்சுக்காரர் தோற்றுவித்த மருத்துவப் பள்ளியின் வழிவந்த ஜிப்மர் கோரிமேட்டில் இருக்கின்றது. ஊர்தோறும் அரசினர் சுகாதார நிலையங்களும் உள. போதற்கு இடமில்லை என்று கூற நம்மவர்க்கு வாயில்லை. உடன் போதற்கு ஆள் இல்லை என்பதே குறை.

இனி, மடாதிபதிகளின் திருமுன்னரும் கோயில் நடத்துவோர் முன்னரும் சில விண்ணப்பம். சோமவாரம், கந்தர் சட்டி, சிவராத்திரி முதலிய விரதங்களில் ஊசி போடுவோரும் சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரை உண்போரும் மருத்துவரைக் கேளாது பட்டினி கிடத்தலாகாது என்பதை ஆசாரியர்களே வாய்விட்டுக் கூறுவாராக. நாங்கள் கூறினால் விரதபங்கம் என்கின்றனர். சர்க்கரைப்பொங்கற் பிரசாதத்தைக் கண்ணில் ஒற்றி ஒரு பருக்கை வாயிலிட்டாலே பெற்றதாகும் என்பதையும் கூறுக. சித்திரை உச்சிவேளையிற் கருங்கற் பிராகாரம் காய்ந்திருக்கும். உணர்ச்சியற்ற கால் அதில் வலம்வந்து வீடு சேரும்போது கொப்புளத்தோடு சேருகின்றது. அவர்க்குக் காலைமாலை வேளைகளே உரியன. நடைவழியில் சாக்கு விரித்து நீர் தெளித்தல் பெருஞ்செலவன்று. ஆளுநரும் வந்து வடம்பிடிக்கும் வில்லியனூர்த் தேரோட்டத்தில் அந்நெரிசலினிடை வெறுங்காலோடு புகுதலை இந்நோயாளர் தவிர்த்து, வீதியோரத்தில் நின்று தரிசிப்பாராக. மகேசுர பூசையிற் பந்தி பிற்பகல் இரண்டு மணிக்குத் தொடங்குதல் பெருமடங்களில் வழக்கமாய்விட்டது. அடியாருள் நூற்றுக்கு இருபத்தாறு பேர் நோயாளராயிருக்க, வேளைதவறிய அன்னம் அவர்க்கு நஞ்சாகும். முற்பகலிலேயே அவர்க்கு ஒரு சிறு பந்தி வைத்தல் வேண்டும். மரியாதைப் பந்தியைப் பற்றிப் பின்னர் யோசிக்கலாம்.

விரிவுரை முடிந்தபின் முதிய அன்பர் ஒருவர் எழுந்து, "புண்ணையும் சீழையும் தொட்ட கையால் சிவலிங்கத்தைத் தொடலாமா? பூசையை முடித்துக்கொண்டு புண்ணைக் கழுவலாகாதா?" என்று வினவினர். அவர் மனைவியார்க்கும் கால் புண்ணுண்டு என்பது பின்னர்த் தெரிந்தது. நாம் கூறியதாவது: புண்ணைக் கழுவிக் கட்டியபின் கைகளைச் சோப்பிட்டுக் கழுவி, நீராடி, நீறணிந்து பூசைக்கு அமர்க. நீராடினால் நீங்காத தீட்டு அதில் யாதும் இல்லை. இராப்பொழுதிற் கட்டு நனைந்து புண் நாறுமாயின், வைகறைப் பூசை ஒரு நாழிகை பிந்துக, புண் பிந்தலாகாது. பூசையை முன்வைத்துப் பசியோடும் புண்ணோடும் ஒருவரைக் காக்கவைத்தல் ஆகமத்தில் யாண்டும் விதிக்கப்படவில்லை. அவர் மேலும் ஒன்று கேட்டார்: கழுவும்போது என்ன மந்திரம் சொல்லுவது என்று. நாம் ஐந்தெழுத்தையே சொல்லுகின்றோம்; எம் இல்லாளும் உடன் சொல்லுவார்; சில நாள் இருவரும் ஒன்றும் சொல்லாமல் அன்றைச் சமையலைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பதும் உண்டு என்றோம்.

திருச்சிற்றம்பலம்